வண்டி ஓட்டிய பெரியவர்

ஜனவரி 9

மகளுக்கு,

என் மனைவியை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ கூட்டிக்கொண்டு போய்விட்டாய். நடந்த அநியாயம் இதுதான். இதை எழுதாமல் வேறு எதையும் எழுத என் கை ஓடவில்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அம்மா நலமா என்று இத்தனை வருடம் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். இன்று அதை நான் உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

போனில் பேச வேண்டாம். ரிவெட் அடித்து அடித்து என் காது போன கதை உனக்குத் தெரியும். எனக்குக் காதில் விழுவதற்குள் நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது.

ஊரில் ஓடும் பஸ்களில் பாதிக்குப் பாடி கட்டியவன் நான். ஒருவனிடமும் பாடம் கேட்டதில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றேன். ரிட்டயர் ஆனதும் பழைய வேனை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி, உன் அம்மாவுக்காக ஒரு வீடு கட்டினேன். மடக்குக் கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க், அவள் உயரத்துக்கு அலமாரி. "வாழ்நாள் பூரா அடுத்தவன் போறதுக்கு வண்டி கட்டினீங்க, நம்ம எப்ப போறது?" என்று கேட்டவள் அவள்தான். அதற்கு நான் கொடுத்த பதில் அந்த வண்டி.

முதலில் அணைக்கட்டுக்குப் போனோம். பிறகு கடற்கரைக்கு. மூன்றாவதாக மலையடிவாரத்துக்கு. எல்லாம் ஓரிரு நாள் பயணம்தான். மூன்றிலும் நானே ஓட்டினேன், நானே சமைத்தேன். நான் கட்டிய வண்டியில் ஸ்டியரிங்கை இன்னொருவன் தொட நான் விடமாட்டேன், அதுவும் உனக்குத் தெரியும். மலையடிவாரத்தில் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்புவதற்குள் அங்கிருந்த வாட்ச்மேன், பதிவேட்டில் நான் எழுதிய உன் நம்பருக்குப் போன் செய்கிறான், சாயங்காலத்துக்குள் நீயும் உன் வீட்டுக்காரரும் வந்து நிற்கிறீர்கள், என்னைக் குற்றவாளி மாதிரி பார்க்கிறீர்கள், அவளைக் காரில் ஏற்றுகிறீர்கள்.

இந்த மாதத்துக்குள் அவளைக் கொண்டுவந்து விட்டுவிடு.

உன் அப்பா


ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் காதும் முழங்காலும் எப்படி இருக்கின்றன? மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள், முன்னால் போடாதீர்கள். நாங்கள் நலம். அம்மா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள்.

"குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுவிட்டுப் போனீர்கள் என்பதை எழுதவில்லை. வெயில் சுற்றி வந்து நேராக வண்டியின்மேல் அடித்தது. அம்மா கதவைத் தட்டிய சத்தம் அங்கே தங்கியிருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. கேட்காதவர், குழாயடி வரிசையில் குடத்தோடு நின்ற நீங்கள் ஒருவர்தான். வாட்ச்மேன் திறந்தபோது அவள் உள்ளங்கை இரண்டும் வீங்கியிருந்தன. நான் மருந்து போட்டபோதும் அவளால் விரல்களை மடக்க முடியவில்லை.

ஷெட்டில் நிற்கிற பஸ்ஸுக்குப் போடும் தாழ்ப்பாளை அம்மா இருக்கும் கதவுக்குப் போட்டிருக்கிறீர்கள்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அம்மாவைப் போல மறதி வந்தவர்களின் பிள்ளைகள் தினமும் என் முன்னால் வந்து நிற்கிறார்கள். களைத்துப் போய்ப் பூட்டினேன் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. நீங்களும் அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் நான் அன்று அவளைக் கூட்டி வந்திருக்க மாட்டேன். "என் வண்டி, என் பெண்டாட்டி, உனக்கென்ன" என்று மட்டும்தானே சொன்னீர்கள்?

ஏன் பூட்டினீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

அன்பு மகள்


ஜனவரி 29

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிறது. உன் அம்மாவின் கை ஆறியதா என்று எழுது.

வண்டி என்றால் தாழ்ப்பாள் இருக்கும். உள்ளேயும் இருக்கும், வெளியேயும் இருக்கும். இதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

கடற்கரைக்குப் போனதைப் பற்றி நீ கேட்கவே இல்லையே. சவுக்கு மர நிழலில் நிறுத்தினேன். பக்கத்தில் ஒரு புது கேரவன், கம்பெனியில் செய்தது. அதன் சொந்தக்காரர் வந்து நம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டில் மடங்குற மாதிரி எங்களுது மடங்க மாட்டேங்குதுங்க" என்றார். உன் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, "திரைச்சீலை இன்னும் ஒரு ஜாண் இறக்கணும்" என்றாள். அது உண்மைதான். இறக்கிவிட்டேன். அவள் மணலில் நடந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

வண்டிக்குப் பெயின்ட் அடித்த பெயின்டர் வாரம் ஒரு தரம் எட்டிப்பார்க்கிறான். "அண்ணி இல்லாம வண்டி சும்மா நிக்குதேண்ணே, டயர் செத்துடும்" என்கிறான். டயருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

அவளை எப்போது கொண்டுவருகிறாய்?

உன் அப்பா


பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலனையும் எழுதுங்கள், "இருக்கிறது" என்றால் எனக்கு என்ன புரியும்?

அம்மாவின் கை ஆறிவிட்டது. முதல் வாரம் இந்த வீட்டில் குளியலறை எங்கே என்று தேடித் தேடி அழுதாள். இவர் கதவில் ஒரு வாளிப் படம் வரைந்து ஒட்டினார். இப்போது பரவாயில்லை. மதியம் நான் வரும்வரை இவர் பார்த்துக்கொள்கிறார். வீட்டிலேயே உட்கார்ந்து படம் வரைகிற வேலைதானே. மாப்பிள்ளை பேசவே மாட்டார் என்று குறை சொல்வீர்களே, அம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. "இந்தப் பையன் நை நைன்னு கேள்வி கேக்க மாட்டான்" என்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா அடிக்கடி ஒரு டிரைவரைப் பற்றிப் பேசுகிறாள். "அந்த டிரைவர் பெரியவர் எங்க? நல்ல மனுஷன்டி. டீ போட்டுக் கொடுப்பாரு, பாத்திரம்கூட கழுவி வைப்பாரு. எங்க வீட்டுக்காரர் ஒரு தம்ளரை எடுத்து வைக்க மாட்டார்" என்று சிரிக்கிறாள். சில நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவர்கூட ஊர் சுத்தினேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாத, கோவப்படுவாரு" என்கிறாள்.

நீங்கள் யாரையாவது டிரைவராக வைத்திருந்தீர்களா?

அன்பு மகள்


மார்ச் 6

மகளுக்கு,

நலம். நலமே விளைக.

ஆமாம், ஒரு டிரைவரை வைத்திருந்தேன். வயதானவர். இப்போது வேலையை விட்டுப் போய்விட்டார்.

உன் அப்பா


மார்ச் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் இத்தனை சின்னக் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

என் கல்யாணத்தன்று காரை நான்தான் ஓட்டுவேன் என்று நீங்கள் ஒற்றைக் காலில் நின்று கிளம்பிவிட, பெண்ணின் அப்பா இல்லாமல் எல்லோரும் மண்டபத்தில் காத்திருந்தது எனக்கு மறக்கவில்லை. நீங்கள் ஒரு டிரைவரை வைத்தீர்கள் என்பதை நம்பி நானும் வாயை மூடிக்கொள்ளலாம். முடியவில்லை.

மலையடிவாரத்து வாட்ச்மேனுக்குப் போன் செய்தேன். வண்டியில் வந்தது இரண்டே பேர்தான் என்றார். பிறகு அவரே ஒன்று சொன்னார். நான் கேட்கவில்லை. முந்தின நாள் அம்மா செருப்பில்லாமல் அவர் அறைக்கு ஓடி வந்திருக்கிறாள். "அந்த ஆளு யாருன்னு தெரியலைங்க. என் சேலை எங்க இருக்குன்னுகூட அவருக்குத் தெரியுது. பயமா இருக்கு. எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் பின்னாலேயே வந்து, "எங்களுக்குள்ள சண்டைங்க, கோவத்துல வந்துட்டா" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனீர்களாம். "அந்தம்மா வர மாட்டேன்னு மரத்தைப் புடிச்சுக்கிட்டாங்க, பெரியவரு கெஞ்சிக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனாரு. அதான் மறுநாள் கதவு தட்டுற சத்தம் கேட்டதும் சந்தேகப்பட்டு உங்களுக்குப் பேசினேன்" என்றார்.

அப்பா, அந்த டிரைவர் நீங்கள்தானா?

அன்பு மகள்


மே 4

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏப்ரல் முழுவதும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பெயின்டர் மாமாவிடம் கேட்டேன். சாப்பிடுகிறீர்கள், நடக்கிறீர்கள், என் பேச்சை எடுத்தால் மட்டும் காது சுத்தமாகக் கேட்கவில்லை என்றார்.

கேட்டது தப்பென்றால் திட்டியாவது எழுதுங்கள். அம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல் வந்து போனது. இப்போது சரியாகிவிட்டது, பயப்பட வேண்டாம்.

மகள்


மே 21

மகளுக்கு,

நலம். காய்ச்சல் வந்தால் அவளுக்குக் கஞ்சி பிடிக்காது. ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடு, ஓரத்தைக் கிள்ளிவிட்டு.

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். ஒரு தரம்தான் சொல்வேன், திருப்பிக் கேட்காதே.

அணைக்கட்டில் விடிந்ததும் டீ போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். தண்ணீரைப் பார்த்தாள், மேலே கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பெரியவரே, வண்டி எப்ப கிளம்பும்?" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கல்யாணமான புதிதில் அப்படி விளையாடுவாள், என்னை அடுத்த வீட்டுக்காரர் மாதிரி வைத்து என்னிடமே என்னைப் பற்றிக் குறை சொல்வாள். அதனால் நானும், "இதோ கிளம்பிடும்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் வந்துடட்டும், அப்புறம் எடுங்க" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்தோம். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். "ஏங்க, எங்க போயிருந்தீங்க இவ்வளவு நேரம்?" என்றாள்.

கடற்கரையிலும் இதுவேதான். வீட்டிலிருந்து கிளம்பிய அன்று பொழுது சாயும்வரை நான் அவள் புருஷன். அதன் பிறகு டிரைவர். மணலில் என் கையைப் பிடித்து நடந்தாள் என்று எழுதினேன். கால் புதைகிறது என்று டிரைவர் கையைப் பிடித்தாள். அதை எழுதவில்லை.

நான் படித்தவன் இல்லை. ஆனால் ஒன்றை ஏன் கழன்றது என்று பார்க்காமல் நான் தூங்க மாட்டேன். அவள் இத்தனை நாளாக என் முகத்தை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டிருக்கவில்லை. முகம் எப்போதோ போய்விட்டது. அந்த நாற்காலியில் உட்காருகிறவன் புருஷன். வாசலில் செருப்பைத் தட்டிக் கழற்றுகிறவன் புருஷன். வீடுதான் அவளுக்கு என்னைக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டிலிருந்து அவளை வெளியே கூட்டிப் போனது நான். ஆசை ஆசையாக ஒரு வண்டி கட்டி, அதில் எனக்கு மட்டும் இடம் வைக்காமல் விட்டுவிட்டேன்.

பிறகு ஏன் மூன்றாம் தரம் போனீர்கள் என்று கேட்பாய். அவள் கேட்டாள். "அந்த வண்டியில போகலாமா?" என்று பையை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இந்தத் தரம் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரியவில்லை, பயந்துவிட்டாள். ஓடினாள். கீழே ரோட்டில் லாரி போகிறது. அதனால்தான் தாழ் போட்டேன். அவள் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குடத்தைப் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

இதை உன்னிடம் அன்றே ஏன் சொல்லவில்லை என்றால், பெண்டாட்டியைப் பூட்டி வைத்தவன் என்று நாலு பேர் சொன்னால் அதை நான் தாங்குவேன். பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாதவன் என்று என் மகள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதைத் தாங்க மாட்டேன். இப்போதும் பரிதாபப்படாதே.

நீ செய்தது அநியாயம்தான். அதில் மாற்றமில்லை. வீட்டில் இருந்தபோது அவளுக்கு என்னைத் தெரிந்தது. அந்த வீட்டிலிருந்தும் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய்.

வெளித் தாழ்ப்பாளை அன்று வந்ததும் கழற்றிவிட்டேன். ஓட்டையை அடைத்தாயிற்று.

உன் அப்பா


ஜூன் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இவரிடம் காட்டினேன். பேசாத மனுஷன், எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பரிதாபப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. நான் அழுதேன். அதற்கும் தடை போடாதீர்கள்.

வீட்டில் இருந்தபோது தெரிந்தது என்கிறீர்கள். அது எனக்குத் தெரியாமல் போனது. தெரிந்திருந்தால் நான் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்திருப்பேன். மன்னித்துவிடுங்கள். மன்னிக்க மாட்டீர்கள், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

இனி அம்மாவை அங்கே கொண்டுவர முடியாது. போன வாரம் டாக்டர் வந்து பார்த்தார். ரத்தம் குறைந்திருக்கிறது, இதயம் களைத்திருக்கிறது, இன்னொரு தரம் இடம் மாற்றினால் தாங்க மாட்டார் என்றார். ஸ்பூனைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறாள். என்னை "மருந்துக்கடைப் பொண்ணு" என்கிறாள். நான் அவள் மகள் என்று சொன்னால், "எனக்கு இன்னும் குழந்தையே இல்லையே" என்று வெட்கப்படுகிறாள்.

உங்கள் இளவயதுப் புகைப்படத்தைக் காட்டினேன். பளிச்சென்று, "எங்க வீட்டுக்காரர்" என்றாள். "வேலைக்குப் போயிருக்காரு. சாயங்காலம் வருவாரு" என்றாள். போன வருடத்துப் படத்தைக் காட்டினேன். அதையும் உடனே கண்டுபிடித்தாள். "டிரைவர் பெரியவர்! இவர் எப்ப வருவாரு? வந்தா கடலுக்குப் போகலாம்" என்றாள். அன்று மட்டும் அரைக் கிண்ணம் சாப்பிட்டாள்.

அப்பா, வந்துவிடுங்கள். மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். உங்கள் நாற்காலியையும் கொண்டுவாருங்கள். நாம் மெல்ல மெல்லச் சொல்லிப் பார்க்கலாம், இவர்தான் அவர் என்று. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் புரியும்.

அன்பு மகள்


ஜூன் 11

மகளுக்கு,

நலம். அவள் இன்று என்ன சாப்பிட்டாள் என்பதை மட்டும் தினமும் குறித்து வை, நான் வந்து கேட்பேன்.

நாற்காலி வேண்டாம். மாடி அறையும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன். செய்ய வேண்டியதை எழுதுகிறேன், ஒன்றுகூட விடாமல் செய்யுங்கள்.

உன் வீட்டுக்காரர் சனிக்கிழமையே தன் காரை எடுத்துத் தெருக்கோடியில் நிறுத்த வேண்டும். உங்கள் வாசலில் வண்டி நிற்க வேண்டும், கதவு ஜன்னலைப் பார்த்து இருக்க வேண்டும், அவள் படுத்தபடியே பார்க்கலாம். கேட்டிலிருந்து வண்டிப் படி வரைக்கும் மேடு பள்ளம் இல்லாமல் ஒரு பலகை போட வேண்டும். அதை அவர் வாங்கி வைத்தால் போதும், நான் வந்து அறைகிறேன். அவர் அறைந்தால் ஆடும்.

பெயின்டர் என்னோடு வருகிறான், வழியில் எனக்கு ஹாரன் கேட்காது என்பதால். வந்து இறங்கியதும் அவன் பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். அவனைப் பார்த்தால் அவள் குழம்புவாள்.

இவர்தான் அவர் என்று யாரும் அவளிடம் சொல்லக்கூடாது. மெல்லவும் கூடாது. வீட்டுக்காரர் எங்கே என்று அவள் கேட்டால், வேலைக்குப் போயிருக்கிறார் என்று நீ சொல்ல வேண்டும். சாயங்காலம் வந்துவிடுவார் என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் கேட்டாலும் அதையே சொல்ல வேண்டும்.

காலையில் அவளுக்குத் தலை வாரிவிட வேண்டியது நீ. அது டிரைவர் செய்கிற வேலை இல்லை. சேலை எடுத்துக் கொடுப்பதும் நீதான். இந்தத் தரம் எனக்கு எதுவும் தெரியக்கூடாது.

டீயும் ரொட்டியும் வண்டியில் நான் போடுவேன். டாக்டர் ஒத்துக்கொண்டால் தெருவை ஒரு சுற்று. ஒத்துக்கொள்ளாவிட்டால் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு நிறுத்தி வைப்பேன், அவளுக்குப் போகிற மாதிரி இருக்கும். போகும்போது நீ அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். நிற்கும்போதெல்லாம் கதவு திறந்தே இருக்கும், அவள் எப்போது இறங்க வேண்டும் என்றாலும் இறக்கிவிட வேண்டும்.

அவள் தன் வீட்டுக்காரரைப் பற்றி என்னிடம் குறை சொன்னால் யாரும் குறுக்கே வரக்கூடாது. நல்லதாகச் சொன்னாலும் வரக்கூடாது. அப்போது நீயும் உள்ளே போய்விட வேண்டும். அதை நான் தனியாகக் கேட்க வேண்டும். காது கேட்காது, அதனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். அதற்கு அவள் ஒப்புக்கொண்டால்.

கடைசியாக நீ செய்ய வேண்டியது. அவள் முன்னால் என்னை அப்பா என்று கூப்பிடக்கூடாது. டிரைவர் ஐயா என்று கூப்பிட வேண்டும். பழக்கத்தில் வாய் தவறி வந்துவிட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். நீ இன்னொரு தரம் கூப்பிடாமல் உள்ளே போய்விட வேண்டும்.

உன் அப்பா